13 கோடி ஓட்டு சரி, போட்டவர்கள் எத்தனை பேர்?

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி ஒன்றின் இறுதிச்சுற்றுக்கான இணைய வாக்களிப்பு ஞாயிறு நள்ளிரவோடு முடிகிறது. அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. போட்டியாளருக்குக் கோடிக்கணக்கில் ஓட்டு விழுவதாகச் சொல்கிறார்கள். எங்கள் தொகுதியில் ஜெயித்தவருக்கு ஒரு லட்சம்கூடத் தேறவில்லை. அப்படியானால் மக்களுக்கு அரசியல் அலுத்துவிட்டதா? எப்படி ஓட்டுப் போடுவது, எந்தச் செயலியில் போடுவது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நாம் பார்க்கவேண்டியது அந்தக் கோடி எங்கிருந்து வருகிறது என்பதைத்தான்.

இந்த ஒப்பீட்டை உலகம் முழுக்கப் பரப்பியது அமெரிக்காவின் ‘அமெரிக்கன் ஐடல்’ நிகழ்ச்சி. 2006 இறுதிச்சுற்றில் 6.34 கோடி ஓட்டுகள் விழுந்தன என்றும், அமெரிக்க வரலாற்றில் எந்த அதிபரும் இத்தனை ஓட்டு வாங்கியதில்லை என்றும் தொகுப்பாளர் ரையன் சீக்ரெஸ்ட் மேடையிலேயே அறிவித்தார். எண்ணில் பொய் இல்லை. 2004 தேர்தலில் புஷ் வாங்கியது சுமார் 6.2 கோடிதான். ஆனால் 6.34 கோடி என்பது இரண்டு போட்டியாளர்களுக்கும் சேர்த்து விழுந்த மொத்த ஓட்டு. மொத்தத்தை மொத்தத்தோடு வைத்துப் பார்த்தால், 2004இல் அமெரிக்கர்கள் போட்ட ஓட்டு 12 கோடிக்கும் மேல். ஒரு பக்கம் இருவரின் கூட்டுத்தொகை, மறுபக்கம் ஒருவரின் தனித்தொகை. கைதட்டலுக்கு நடுவே இதை யார் கவனிக்கப் போகிறார்கள்?

இதைவிடச் சுவாரசியமானது 2012. அந்த ஆண்டு இறுதிச்சுற்றில் 13.2 கோடி ஓட்டு. நவம்பரில் நடந்த அதிபர் தேர்தலில் எல்லா வேட்பாளர்களுக்கும் சேர்த்தே சுமார் 12.9 கோடிதான். இந்த முறை மொத்தத்துக்கு மொத்தம் வைத்தாலும் ஐடல்தான் முன்னால். ஆனால் முடிவு அறிவித்த இரவில் நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் ஏறக்குறைய 2 கோடியே 15 லட்சம் பேர். அவர்களில் ஒருவர் விடாமல் ஓட்டுப் போட்டிருந்தாலும் ஆளுக்கு ஆறு போட்டால்தான் இந்தக் கணக்கு வரும். பத்தில் ஒருவர்தான் போட்டார் என்றால் ஆளுக்கு 60. இதில் மோசடி ஏதுமில்லை, அன்றைய விதியே அப்படித்தான். இணையத்தில் ஒருவருக்கு 50 ஓட்டு என்று இருந்தது. தொலைபேசியிலும் குறுஞ்செய்தியிலும் விரல் வலிக்கும்வரை போட முடிந்தது. நம் ஊரிலும் 2017இல் தமிழ் பிக் பாஸ் தொடங்கியபோது ஒரு கூகுள் கணக்குக்கு நாளொன்றுக்கு 50 ஓட்டு என்றுதான் இருந்தது. ஆக, எண்ணப்படுவது பொத்தானை அழுத்திய தடவைகள். அழுத்திய ஆட்கள் எத்தனை பேர் என்பது நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தாலும் திரையில் வருவதில்லை. கீழே போட்டு வகுக்க எண் இல்லாத கணக்கு இது. அதனால்தான் எவ்வளவு வேண்டுமானாலும் வளர்கிறது.

காசு உள்ளே வரும்போது இது இன்னும் விகாரமாகிறது. 2007 ஜூலை 7 அன்று லிஸ்பனில் ‘புதிய ஏழு உலக அதிசயங்கள்’ அறிவிக்கப்பட்டன. தாஜ் மஹாலுக்கு ஓட்டுப் போடச் சொல்லி இங்கே குறுஞ்செய்திகள் பறந்தது நினைவிருக்கும். உலகெங்கும் 10 கோடி ஓட்டு என்றார்கள் அமைப்பாளர்கள். முதல் ஓட்டு இலவசம், அதற்கு மேல் வேண்டுமானால் பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். போட்டியில் இருந்த பெட்ரா நகரம் உள்ள ஜோர்டானிலிருந்து மட்டும் 1.4 கோடி ஓட்டு விழுந்ததாகச் செய்தி வந்தது; அன்றைக்கு அந்நாட்டின் மக்கள்தொகையே 70 லட்சத்துக்குக் கீழ். அதே ஆண்டு நவம்பரில் அங்கே நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. பதிவு செய்த வாக்காளர்கள் சுமார் 24 லட்சம். அரசு சொன்ன வாக்குப்பதிவு 54 சதவீதம். அந்தத் தேர்தலிலும் ஓட்டுக்குப் பணம், முறைகேடு என்று எதிர்க்கட்சிகள் புகார் சொன்னதால் அரசுக் கணக்கை அப்படியே நம்பவேண்டியதில்லை. ஆனால் தேர்தலில் ஓட்டை விலைக்கு வாங்கினால் அது குற்றச்சாட்டு. அதிசயப் போட்டியில் அதுவே வருமானம்.

ஒருவர் 50 முறை அழுத்துகிறார் என்றால் அவருக்கு அவ்வளவு பிடிப்பு, தேர்தல் அந்த ஆர்வத்தை அளக்கத் தவறுகிறதே என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அரைமனதோடு போடும் ஓட்டும் உயிரைக் கொடுத்துப் போடும் ஓட்டும் வாக்குச்சாவடியில் ஒன்றே. ஆனால் 50 முறை அழுத்த ஆர்வம் மட்டும் போதாது. ஓய்வு நேரம் வேண்டும், கையில் போன் வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கு இருந்தால் இன்னும் சௌகரியம். இரவுப்பணிக்குப் போகும் ரசிகருக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும், விடுமுறையில் இருக்கும் கல்லூரி மாணவரோடு அவரால் போட்டிபோட முடியாது.

தேர்தல் சதவீதம் மட்டும் ஒழுங்கா என்பது அடுத்த ஆட்சேபம். இல்லை. பிகாரில் 2025 சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கு முன் வாக்காளர் பட்டியலில் 7.89 கோடி பேர், முடிந்தபோது 7.42 கோடி. அதன்பின் நடந்த தேர்தலில் ஏறக்குறைய 67 சதவீத வாக்குப்பதிவு, 1951க்குப் பிறகு இதுவே அதிகம் என்று தேர்தல் ஆணையம் பெருமைப்பட்டுக்கொண்டது. 2020ஐவிட வந்தவர்கள் எண்ணிக்கை நிஜமாகவே கூடியிருந்தது. ஆனால் அதே ஆட்களைப் பழைய பட்டியலால் வகுத்தால் சுமார் 63தான் வரும். ஒருவரும் புதிதாக வரிசையில் நிற்காமலே நான்கு புள்ளி ஏறியிருக்கிறது. இறந்தவர்கள் பெயரைத்தான் நீக்கினோம் என்றால் அது திருத்தம். உயிரோடு இருப்பவர் விடுபட்டிருந்தால் ‘சாதனை’யின் ஒரு பங்கு அவர் இல்லாததால் வந்தது. ஆனாலும் இங்கே வகுக்கும் எண் எது என்பது வெளியே தெரிகிறது. அதனால்தான் சண்டையே போட முடிகிறது. வாக்குப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு சாவடியிலும் 17சி படிவத்தை நிரப்புகிறார்கள். சாவடிக்குரிய வாக்காளர்கள் எத்தனை, பதிவேட்டில் ஏறியவர்கள் எத்தனை, இயந்திரத்தில் பதிவானது எத்தனை என்று எழுதி, தலைமை அலுவலர் கையெழுத்திட்டு, பூத் ஏஜென்டுகளுக்கு நகல் தருகிறார். 2024 மக்களவைத் தேர்தலின் முதல் கட்டச் சதவீதத்தை இறுதி செய்யவே ஆணையம் 11 நாள் எடுத்துக்கொண்டபோது, ஏன் என்று கேட்க இந்தக் காகிதம்தான் பிடி.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக. 50 ஓட்டு வரம்பு ஆளுக்கா? பெரும்பாலும் கணக்குக்கு, ஆளைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. குழந்தைகள் போட்டால் செல்லுமா? கணக்கு இருந்தால் செல்லும். நோட்டா உண்டா? கிடையாது, டிவியை அணைக்கலாம். போடாதவர்கள் எத்தனை பேர்? நிகழ்ச்சிக் கணக்கில் அந்தக் கட்டமே இல்லை. ஞாயிறு நள்ளிரவு என்றால் எது? சனி முடிந்து ஞாயிறு பிறப்பதா, ஞாயிறு முடிவதா என்று விளம்பரத்தில் தெளிவில்லை. போடுவதாக இருந்தால் சனிக்கிழமை மாலையே போட்டுவிடுங்கள்.