பட்டியல் தராத சொல்லறிவு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் படிப்புக்காக ஜிஆர்ஈ எழுதுகிறவர்கள் பலர், அருஞ்சொற்களைப் பட்டியல் பட்டியலாக இன்றும் உருப்போடுகிறார்கள். அந்தத் தேர்வோ 2011 ஆகஸ்டிலேயே எதிர்ச்சொல் வினாக்களையும், இரு சொற்களுக்கு இடையிலான உறவை இன்னொரு இணையோடு ஒப்பிடும் அனாலஜி வினாக்களையும் கைவிட்டுவிட்டது. இப்போது பத்தியில் விடுபட்ட சொல்லை நிரப்பச் சொல்கிறார்கள். ஒரே வாக்கியத்தில் பொருந்தி, ஒரே கருத்தைத் தரும் இரு சொற்களை ஆறிலிருந்து எடுக்கச் சொல்கிறார்கள். இளநிலைப் படிப்பில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்விலிருந்தும் அனாலஜி 2005-இல் போய்விட்டது. தேர்வுகள் இப்படி மாறிய பிறகும், சொல்லுக்கு எதிரே உள்ள பொருளை ஒப்பித்தால் போதும் என்ற எண்ணம் மட்டும் மாறவில்லை.

அது ஏன் போதாது? ‘எக்ஸாசர்பேட்’ என்ற வினையைப் பாருங்கள். பட்டியலில் ‘மோசமாக்கு’ என்றிருக்கும். அதை நம்பி, மழை சாலையை எக்ஸாசர்பேட் செய்தது என்று எழுதினால் இலக்கணப் பிழை இருக்காது. ஆனால் ஆங்கிலம் அறிந்தவர் முகம் சுளிப்பார். வலி, பகை, நெருக்கடி என ஏற்கெனவே கெட்டுக் கிடப்பதை மேலும் கெடுப்பதற்கே அந்தச் சொல். சாலைக்கு அது பொருந்தாது, சாலை நெரிசலுக்குப் பொருந்தும். பேச்சில் அதைப் போட்டால் செயற்கையாகவும் ஒலிக்கும். இந்த விவரங்களை ஒற்றைச் சொல் விளக்கம் தராது. நாலைந்து நல்ல வாக்கியங்கள் தந்துவிடும்.

‘படித்துப் படித்துச் சொல் சேர்க்க நேரம் ஏது?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அருஞ்சொல் ஒன்றைப் பல புத்தகங்கள் புரட்டினாலும் ஓரிரு முறைதான் சந்திப்போம். எனவே பட்டியலைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. எந்தப் பட்டியல், எதற்கு என்பதே முக்கியம். நியூசிலாந்தின் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்களே, அதாவது ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து கிளைத்த சொற்களும் சேர்ந்த தொகுதிகளே, உள்ளன. ஆனால் கல்வி நூல்களில் வரும் சொற்களில் சுமார் 10 சதவீதம் அவைதான். மேற்படிப்புக்குப் போகிறவர் அகராதியின் மூலையில் கிடக்கும் சொற்களைத் தேடும் முன் இவற்றைக் கைவசப்படுத்துவதே லாபம்.

‘மனப்பாடம் செய்தும் மறந்துபோகிறதே’ என்பது அடுத்த குறை. மறதி எவ்வளவு வேகமாக வருகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-லேயே தன்மீது சோதித்து எழுதினார். ஒரே மூச்சில் படிப்பதைவிட நாள் இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பது நிலைக்கும் என்பதும் அவர் கண்டதே. திரும்பப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் வேறொரு வாக்கியத்தில் பார்த்தால், நினைவோடு பயன்பாடும் சேர்ந்து வரும். பட்டியல் சொல்லை அறிமுகம் செய்யட்டும். பழக்கத்துக்கு வாசிப்பே வழி.