30 வீரர்கள், 33 பதக்கங்கள்: மாற்றுத்திறனாளிகளின் பனிச்சறுக்கில் வெற்றி கணக்கிடப்படுவது எப்படி?

இத்தாலியின் டுரின் நகரிலும் அதைச் சுற்றியுள்ள மலைப்பகுதிகளிலும் 2025 மார்ச் 8 முதல் 15 வரை நடைபெற்ற ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் உலகக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகளில், இந்தியா 8 தங்கம், 18 வெள்ளி, 7 வெண்கலம் என 33 பதக்கங்களை வென்றது. களமிறங்கிய வீரர், வீராங்கனைகள் 30 பேர் மட்டுமே. வழக்கமான குளிர்கால ஒலிம்பிக்கில் ஒரு பதக்கமும் வென்றிராத நாட்டுக்கு இது எவ்வாறு சாத்தியமானது?

விடை போட்டியின் அமைப்பிலேயே உள்ளது. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அறிவுசார் குறைபாடு உடையோருக்கானது. 1968-இல் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் தொடங்கியது. இதன் ஆல்பைன் பனிச்சறுக்கில் தொடக்கநிலை, இடைநிலை, உயர்நிலை என்ற படிநிலைகள் உண்டு. முதலில் நடக்கும் சோதனை ஓட்டங்களில் பதிவாகும் நேரத்தைக் கொண்டு, வயது, பாலினம், திறன் ஆகியவற்றில் நெருக்கமானவர்கள் சிறு குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றனர். ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியே தங்கம் உண்டு. சோதனையில் வேண்டுமென்றே மெதுவாகச் சறுக்கி, எளிய குழுவில் இடம்பெற்று, இறுதியில் வேகம் காட்டுபவரைத் தகுதிநீக்கம் செய்யவும் விதி இருக்கிறது. எனவே பதக்க எண்ணிக்கையைப் பிற நாடுகளுடன் ஒப்பிட்டுத் தரவரிசை காண்பதில் பொருளில்லை. அதனால் பதக்கத்தின் மதிப்பு குறைந்துவிடாது. தனக்கு இணையானவரை வென்றதற்கான சான்று அது.

பாராலிம்பிக் முற்றிலும் வேறானது. 1976-இல் சுவீடனின் ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் நகரில் தொடங்கிய குளிர்காலப் பாராலிம்பிக்கில், ஆல்பைன் வீரர்கள் நின்று சறுக்குவோர், அமர்ந்து சறுக்குவோர், பார்வைக் குறைபாடு உடையோர் என மூன்று பிரிவுகளாகப் போட்டியிடுகின்றனர். ஒரு கால் இல்லாதவரும் ஒரு கை இல்லாதவரும் ஒரே பிரிவில் மோதும்போது, கடிகாரம் காட்டும் நேரம் அப்படியே ஏற்கப்படுவதில்லை. குறைபாட்டின் தன்மைக்கேற்ப அது ஒரு விகிதத்தால் பெருக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 60 விநாடி எடுத்தவரின் விகிதம் 80 சதவீதம் எனில், அவரது நேரம் 48 விநாடி. 90 சதவீத விகிதம் உடையவர் 55 விநாடியில் வந்தாலும் அவரது நேரம் 49.5 விநாடியாகி, அவர் பின்தங்குவார். பார்வையற்றவருக்கு முன்னே சறுக்கிச் செல்லும் வழிகாட்டி, செவிக்கருவி வழியே ஒவ்வொரு திருப்பத்தையும் அறிவிக்கிறார். பதக்கம் இருவருக்கும் உண்டு.

2022 பெய்ஜிங் வரை எந்தக் குளிர்காலப் பாராலிம்பிக்கிலும் இந்தியா பங்கேற்றதில்லை. குல்மார்க், அவுலி, நார்கண்டா போன்ற சரிவுகளில் பனி சில மாதங்களே நிலைக்கிறது. அமர்ந்து சறுக்குபவருக்கு அவரது உடலுக்கேற்ப வார்த்த இருக்கையும் அதிர்வுதாங்கியும் வேண்டும். அதே 2022-இல் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கிற்கு இந்தியா அனுப்பிய ஒரே வீரர், குல்மார்க் பகுதியைச் சேர்ந்த ஆரிஃப் கான்.

பனியைக் கண்டிராத தென்கோடிக்கு இதில் இடமுண்டா? டுரினில் நடந்த எட்டு விளையாட்டுகளில் ஃப்ளோர்பால், நடனம் ஆகிய இரண்டுக்கும் பனி தேவையில்லை. ஃப்ளோர்பால் என்பது ஓட்டைகள் உள்ள நெகிழிப் பந்தைக் கொண்டு உள்ளரங்கில் ஆடும் ஹாக்கி போன்ற ஆட்டம். குறுக்கே தடையில்லாத ஒரு கூடம் இருந்தால் பயிற்சியைத் தொடங்கிவிடலாம். களியக்காவிளையைத் தாண்டியதும் வரும் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் கலந்து பேசும் குடும்பங்களுக்கு இச்செய்தி முக்கியமானது. அறிவுசார் குறைபாடு உடைய குழந்தைகளுக்காகக் கேரள உள்ளாட்சி அமைப்புகள் நடத்தும் 'பட்ஸ்' பள்ளிகளில் முதலாவது, 2004-இல் இதே திருவனந்தபுரம் மாவட்டத்தின் வெங்ஙானூரில்தான் தொடங்கப்பட்டது. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் போட்டிகளில் 8 வயது முதல் பங்கேற்கலாம். உச்ச வயது வரம்பு இல்லை. பங்கேற்பாளரிடம் கட்டணம் பெறப்படுவதும் இல்லை.

ஆனால், காலையோ பார்வையோ இழந்த ஒரு சிறுவனுக்கு இந்த வழி திறந்திருக்கவில்லை. அவன் செல்ல வேண்டியது பாராலிம்பிக் பாதை. குளிர்கால விளையாட்டைப் பொறுத்தவரை, அதற்கான சரிவு மிக அருகே என்றாலும் இமயமலையில்தான் இருக்கிறது.