டோபி காட்: சலவைத் துறையின் பெயரைச் சுமக்கும் ரயில் நிலையம்

ஜோகூர் பாருவிலிருந்து சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவுக்குச் செல்லும் நம்மவர்களில் பலர், வூட்லண்ட்சில் சிவப்பு நிற ரயிலில் ஏறி டோபி காட்டில் இறங்கி, ஊதா நிற ரயிலுக்கு மாறுகிறார்கள். அடுத்த நிலையமே லிட்டில் இந்தியா. அந்த அவசரத்தில் நிலையத்தின் பெயரைக் கவனிப்பவர்கள் குறைவு.

'டோபி' என்றால் துணி வெளுப்பவர். 'காட்' என்றால் படித்துறை. இரண்டும் இந்திச் சொற்கள். தமிழில் வண்ணான்துறை என்போமே, அதே பொருள்தான். பினாங்கிலும் ஓர் டோபி காட் உண்டு என்பது அங்குள்ள வாசகர்களுக்குத் தெரிந்ததே.

ஓடையும் புல்வெளியும்

19ஆம் நூற்றாண்டில் ஆர்ச்சர்ட் சாலையை ஒட்டி ஓர் ஓடை ஓடியது. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அந்த ஓடை நீரில் ஊராரின் துணிகளைத் துவைத்தார்கள். இன்று ஒய்எம்சிஏ கட்டடம் இருக்கும் பக்கத்தில் அன்று திறந்த புல்வெளி இருந்தது. துணிகள் அங்கேதான் காய்ந்தன. பின்னர் அந்த ஓடை ஸ்டாம்ஃபர்ட் கால்வாயானது. தொழில் மறைந்தது, பெயர் மட்டும் நிலைத்தது.

நிலையம் அமைக்க 1980களில் அந்த இடம் மேலும் மாறியது. ஆம்பர் மேன்ஷன்ஸ் என்ற பழைய அடுக்குமாடிக் கட்டடம் இடிக்கப்பட்டது. அருகிலிருந்த யூதர்களின் பழைய இடுகாடும் அகற்றப்பட்டது.

மூன்று பாதைகள், மூன்று காலகட்டங்கள்

நிலையம் 1987 டிசம்பர் 12ஆம் தேதி திறக்கப்பட்டது. சிங்கப்பூரின் முதல் எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கி ஐந்து வாரங்களே ஆகியிருந்த நேரம் அது. அப்போது இங்கே வடக்கு - தெற்குப் பாதை மட்டுமே இருந்தது.

2003 ஜூன் 20ஆம் தேதி, ஓட்டுநர் இல்லாமல் இயங்கும் வடகிழக்குப் பாதை வந்தது. 2010 ஏப்ரல் 17ஆம் தேதி வட்டப் பாதையும் சேர, மூன்று பாதைகள் சந்திக்கும் சிங்கப்பூரின் முதல் நிலையமாக டோபி காட் ஆனது.

நிலையம் தரைக்குக் கீழே ஐந்து தளங்களாக இறங்குகிறது. அதன் ஆழம் ஏறத்தாழ 28 மீட்டர். பாதைகள் வெவ்வேறு காலத்தில் கட்டப்பட்டதால் ரயில் மேடைகள் ஒரே இடத்தில் இல்லை. சிவப்புப் பாதை மேடை ஒரு பக்கம்; ஊதாப் பாதை மேடை பிளாசா சிங்கப்பூரா கடைத்தொகுதியின் பக்கம். இடையில் உள்ள நீண்ட இணைப்பு வழியில் நகரும் நடைபாதைகள் உள்ளன.

முதன்முறை செல்பவர்கள் மனத்தில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: ரயில் மாறும்போது கட்டண வாயிலைத் தாண்டி வெளியே போகத் தேவையில்லை. நிறத்தைப் பார்த்து நடந்தால் போதும். சிவப்பு வடக்கு - தெற்கு, ஊதா வடகிழக்கு, ஆரஞ்சு வட்டப் பாதை. லிட்டில் இந்தியாவுக்குப் பொங்கோல் கோஸ்ட் திசையில் செல்லும் ரயிலில் ஏற வேண்டும். எதிர்த்திசை ரயில் ஹார்பர்ஃபிரண்டுக்குக் கொண்டுபோய்விடும். வயதானவர்களுடன் செல்வோர் நடைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்குவதும், மின்தூக்கியைப் பயன்படுத்துவதும் நல்லது.

பெயர் சொல்லும் கதை

சென்னையிலும் ஒரு மெட்ரோ நிலையத்துக்கு வண்ணாரப்பேட்டை என்று பெயர். அங்கே அது இன்றும் ஒரு பேட்டையின் பெயர். சிங்கப்பூரிலோ துறையும் இல்லை, துவைப்பவரும் இல்லை. ஓடையும் கண்ணில் படுவதில்லை.

பெரிய மனிதர்களின் பெயர்கள் சாலைகளுக்கு இருக்கின்றன. துணி வெளுத்துப் பிழைத்தவர்களில் ஒருவர் பெயரும் இங்கே எழுதப்படவில்லை. ஆனாலும் ஒவ்வொரு ரயிலும் இங்கு வந்து நிற்கும்போது ஒலிபெருக்கி அவர்கள் செய்த தொழிலின் பெயரைச் சொல்கிறது. அடுத்த முறை அங்கு ரயில் மாறும்போது பிள்ளைகளுக்கு அதன் பொருளைச் சொல்லிக் கொடுக்கலாம்.