சும்மா கிடைத்த சாமானுக்கு யாரிடம் முறையிடுவது?

வியாபாரி என்றால் முறைப்பாடு கேட்டே பழகியவன். வாடிக்கையாளர் வந்து சத்தம் போட்டால் பொறுத்துக் கொள்கிறோம். அவர் சல்லி கொடுத்தவர். சல்லியே வாங்காமல் சாமான் தந்தவனிடம் போய் நாம் சத்தம் போடலாமா?

இந்தக் கேள்வி வந்தது என் கடையின் இருப்புக் கணக்கால்தான். மருமகன் இலவச மென்பொருள் ஒன்றை கடைக் கொம்பியூட்டரில் போட்டுத் தந்திருந்தார். ஒரு மாத முடிவில் கூட்டுத்தொகை பிழைத்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில், "இதைச் செய்தவங்களுக்கு நல்லாக் கேட்டு எழுதுங்க" என்றேன்.

"மாமா, நீங்க அவங்களுக்கு எவ்வளவு சல்லி குடுத்தீங்க?" என்று சிரித்தார்.

அவர் எழுதியது வேறு மாதிரி. எந்தப் பதிப்பு, எந்தக் கட்டத்தில் என்ன அடித்தோம், வர வேண்டிய விடை என்ன, வந்தது என்ன. அவ்வளவுதான். மறுநாளே முன்பின் தெரியாத ஒருவர் பதில் தந்தார். நாலு கட்டங்களில் எண்ணை எழுத்தாகப் பதிந்திருக்கிறீர்கள், எழுத்தை அது கூட்டாது என்று. பிழை என்னுடையது! நான் சொன்னபடி எழுதியிருந்தால் முகத்தை எங்கே வைப்பது?

இவற்றைத் திறந்த மூல மென்பொருள் என்கிறார்கள். உட்குறிப்பை எவரும் பார்க்கலாம், எடுக்கலாம், திருத்தலாம். உத்தரவாதம் இல்லை என்று உரிமப் பத்திரத்திலேயே எழுதியிருக்கும். கவனிப்பு வேண்டுமென்றால் அதை விலைக்கு விற்போரும் உண்டு. ரெட் ஹெட் நிறுவனம் அப்படித்தான் வளர்ந்தது, 2019இல் ஐ.பீ.எம். அதை 3400 கோடி டொலருக்கு வாங்கியது. ஆனால் பலர் வேலை முடிந்து வந்து, இராவில் சும்மா எழுதுகிறவர்கள்.

அப்படி ஒருவர் பின்லாந்தின் லாஸ்ஸே கொலின். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்ஸெட் யூட்டில்ஸ் அவருடையது. லினக்ஸ் ஓடும் சேர்வர்களில் பரவலாக இருப்பது. 2022இல் சிலர் அவரைக் குடையத் தொடங்கினார்கள். வேலை மெதுவாக நடக்கிறது, பொறுப்பை வேறொருவரிடம் கொடு என்று. தனக்கு நெடுநாள் மனநலக் குறைவு இருப்பதாகவும், இது சம்பளமில்லாத வேலை என்றும் அவர் பதில் சொன்னார். அதன் பிறகும் விடவில்லை.

அதே காலத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் திருத்தங்கள் அனுப்பி ஒத்தாசையாக இருந்தார். கொலின் அவருக்குப் பொறுப்பில் பங்கு கொடுத்தார். 2024 பெப்ரவரியில் அந்த ஆள் சேர்வர்களுக்குள் களவாக நுழைய ஒரு பின்கதவை மறைத்து வைத்தார். அவர் யாரென்று வெளியாகவில்லை. குடைந்தவர்களும் அவருடைய கூட்டாகவே இருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் சந்தேகிக்கிறார்கள். கடை முதலாளியைத் திட்டித் திட்டிச் சோரவைத்து, தங்கள் ஆளைக் கல்லாவில் இருத்திய கதைதான்!

பிடித்தவரும் ஒரு பாவனையாளரே. மைக்ரோசொப்ட்டில் வேலை செய்த அன்ட்ரெஸ் ப்ரொயின்ட், சேர்வருக்குள் நுழைய வழமையைவிட அரை விநாடி கூடச் செல்வதைக் கண்டார். யாரையும் ஏசவில்லை. அளந்து பார்த்து, தேடிப் பிடித்து, 2024 மார்ச் 29ஆம் திகதி ஆதாரங்களோடு வெளியிட்டார். பெரும்பாலும் பரீட்சார்த்தப் பதிப்புகளுக்கே போயிருந்ததால் உலகம் தப்பியது.

கொலின் அந்தக் கள்ளக் குறிப்பைத் துடைத்தெடுத்து மே மாதம் புதிய பதிப்பை வெளியிட்டார். அதையும் இலவசமாகத்தான்.