பேச ஆளில்லாத ஞாயிறு

சனிக்கிழமை மதியமே பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். தூரத்திலிருந்து வந்து சேர்ந்த முதலாண்டு மாணவர் ஹாஸ்டலிலேயே தங்கிவிடுவார். மெஸ்ஸில் தனியாக உட்காரக் கூச்சம். இரவுக்கு பிஸ்கட் போதும். வீட்டிலிருந்து அழைப்பு வந்தால், "சாப்பிட்டேம்மா, நல்லா இருக்கேன்."

தனிமை என்றதும் நமக்கு முதியவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கையோ, 13 முதல் 29 வயதுக்குட்பட்டவர்களில் 17 முதல் 21 சதவீதம் பேர் தனிமையில் வாடுவதாகச் சொல்கிறது. பதின்வயதினர்தான் இதில் அதிகம்.

கூட்டம் பிடிக்காதது நோயல்ல. பழக ஏங்கியும் பழக முடியாத நிலை வாரக்கணக்கில் நீள்வதுதான் கவலைக்குரியது. அப்படி வாடும் மனம் மற்றவரின் மௌனத்தையும் வெறுப்பாக எடுத்துக்கொள்ளும், அழைத்தாலும் ஒதுங்கும். ஒதுங்குவதைப் பார்த்து மற்றவர்கள் அழைப்பதை நிறுத்திவிடுவார்கள். தூக்கம் கெடும், வகுப்புக்குப் போவது குறையும். "வயசுப் பசங்க அப்படித்தான்" என்று பெரியவர்கள் கடந்துபோவது இந்தக் கட்டத்தில்தான். எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. காய்ச்சல் என்றால் இரவோடு இரவாக ஓடிவருகிற பெற்றோர் அவர்கள்.

மாணவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: மனநல ஆலோசகர் இருப்பது கல்லூரி காட்டும் சலுகையல்ல. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் நிறுவனம் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும், உதவி எண்களை விடுதியில் பார்வையில் படும்படி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. உங்கள் கல்லூரியில் இல்லையென்றால் நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள். நான்கைந்து பேர் கையெழுத்திட்டால் இன்னும் நல்லது.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அரசின் சிகிச்சையை எல்லோருக்கும் உரிமையாக்கியிருக்கிறது. சிகிச்சை விவரத்தை ரகசியமாகக் காக்கவும் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டும் விலக்கு உண்டு. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது அதன் 115ஆம் பிரிவு. போலீஸுக்குப் பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம். வாழ்க்கை வேண்டாம் என்று தோன்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. "பேச ஆளில்லை" என்பதே அழைப்பதற்குப் போதுமான காரணம்.

பக்கத்து அறைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். "என்ன பிரச்சினை?" என்று துருவ வேண்டாம். இந்த ஞாயிறு கதவைத் தட்டி, "மெஸ்ஸுக்குப் போறேன், வர்றியா?" என்று கேளுங்கள். வரவில்லை என்றால் அடுத்த ஞாயிறும் கேளுங்கள்.