ஆங்கிலேய வெள்ளிப் பாத்திரங்களும் வெட்டு வேலைப்பாடும்

இங்கிலாந்தின் பழைய வெள்ளித் தட்டு, கரண்டி, தேநீர்க் கெண்டி பெரும்பாலும் ஸ்டெர்லிங் வெள்ளியால் ஆனவை. நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி; மீதி பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி எளிதில் நசுங்கிவிடும். செம்பு கலந்தால்தான் அன்றாடப் புழக்கத்துக்குத் தாங்கும்.

தரத்துக்குச் சாட்சி முத்திரை. 1300-இல் முதலாம் எட்வர்டு மன்னரின் சட்டம் சிறுத்தைத் தலை முத்திரையைக் கொண்டுவந்தது. பிறகு 1363-இல் செய்தவரின் குறி, 1478-இல் ஆண்டைக் காட்டும் எழுத்து, 1544-இல் நடக்கும் சிங்கம் என ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பாத்திரம் செய்த காலத்தை இவை சொல்லிவிடும். அது யார் வீட்டில் இருந்தது என்பதை மேலே வெட்டியிருக்கும் சின்னம்தான் சொல்லும்.

வெட்டு வேலையில் கூரிய உளி வெள்ளியை மெல்லிய இழையாகச் சீவி எடுக்கிறது. இதைப் போலவே தோன்றும் இன்னொரு முறையில் சுத்தியலால் தட்டிக் கோடு பதிப்பார்கள். அதில் உலோகம் குறைவதில்லை, கோட்டின் தடம் பின்புறமும் தெரியும். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உளியைச் சாய்த்துப் பட்டை பட்டையாக வெட்டும் பாணி பரவியது. ஒவ்வொரு பட்டையும் விளக்கொளியில் மின்னும். லண்டனில் ஹெஸ்டர் பேட்மேன் என்ற பெண்மணியின் பட்டறைப் பாத்திரங்களில் இதைக் காணலாம்.

செல்வக் குடும்பங்கள் தங்கள் குலச்சின்னத்தை வெட்டச் சொன்னார்கள். வெள்ளியில் வண்ணம் தீட்ட முடியாது. அதனால் கோடுகளே வண்ணமாயின. செங்குத்துக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், புள்ளிகள் பொன். திருமணமாகாத பெண், கைம்பெண் ஆகியோரின் சின்னம் கேடயத்துக்குப் பதில் சாய்சதுரத்துக்குள் இருக்கும். 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி முள்கரண்டிகளில் சின்னம் பின்புறத்தில் இருப்பதற்குக் காரணம், அன்று அவற்றை மேசையில் கவிழ்த்து வைத்ததுதான்.

இக்கலையின் உச்சங்களில் ஒன்று, லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள வால்போல் தாம்பாளம். முதலாம் ஜார்ஜ் மன்னர் 1727-இல் இறந்ததும், பயனற்றுப் போன அரசு முத்திரையின் வெள்ளி அமைச்சர் ராபர்ட் வால்போலுக்குச் சேர்ந்தது. அதைக் கொண்டு பால் டி லாமெரி இந்தத் தாம்பாளத்தைச் செய்தார். முத்திரையின் இரு பக்கங்களையும் ஹெர்குலிஸ் தாங்கி நிற்பதாக வெட்டப்பட்ட காட்சி, ஓவியர் வில்லியம் ஹோகார்த்தின் கைவண்ணம் என்று கருதப்படுகிறது. அவர் இளமையில் வெள்ளி வெட்டும் தொழில் பயின்றவர்.

1740-களில் தாமஸ் போல்சோவர் உருவாக்கிய ஷெஃபீல்டு தகட்டில், செம்பின் மேல் வெள்ளி மெல்லிய படலமாகவே இருக்கும். ஆழமாக வெட்டினால் செம்பு தெரிந்துவிடும். அதனால் சின்னம் வரும் இடத்தில் மட்டும் தனி வெள்ளித் துண்டைப் பதித்தார்கள்.

பாத்திரம் கைமாறும்போது பழைய சின்னத்தைத் தேய்த்து அழிப்பதும் உண்டு. அந்த இடத்தில் தகடு மெலிந்திருக்கும். விரலால் அழுத்தினால் நெகிழும். அடிக்கடி அழுத்தித் துலக்கினாலும் கோடுகள் மழுங்கும். பழமை மாறாத, கூர்மை குன்றாத வெட்டுள்ள பாத்திரத்துக்கே சேகரிப்பாளர்களிடம் மதிப்பு அதிகம்.