தாகூரின் மாலைப் பொழுது

முதுமை என்பது ஓய்வுக்குரிய பருவம் என்று உலகம் கருதுகின்றது. உழைத்தவன் இளைப்பாற வேண்டும்; எழுதியவன் எழுதுகோலைக் கீழே வைக்க வேண்டும்; நெஞ்சிலே புதிய ஆசைகளுக்கு இடமளித்தல் வயதுக்கு ஒவ்வாது என்பன பொதுவாக நிலவும் எண்ணங்களாம். ஆயின், கலையையே உயிர்மூச்சாகக் கொண்டவர் சிலர் வாழ்வில் இவ்வெண்ணம் பொய்த்துப்போவதைக் காண்கின்றோம். கவி இரவீந்திரநாத தாகூரின் கடைசிப் பதினேழு ஆண்டுகள் இதற்குச் சிறந்த சான்று.

1861ஆம் ஆண்டிற் பிறந்த தாகூருக்கு 1924இல் வயது அறுபத்து மூன்று. நோபல் பரிசு கிடைத்துப் பதினோர் ஆண்டுகள் கழிந்திருந்தன. சென்ற நாடுகளிலெல்லாம் மாலைகளும் மேடைகளும் அவருக்காகக் காத்திருந்தன. ஆனால், இல்லத்தின் நிலையோ வேறு. 1902இல் மனைவி மிருணாளினி மறைந்தார். அடுத்த ஆண்டில் மகள் இரேணுகாவும், 1907இல் இளைய மகன் சமீந்திரநாதனும், 1918இல் மூத்த மகள் மாதுரிலதாவும் காலமாயினர். உலகம் முழுவதும் அறிந்த அம்மனிதரை மனிதராக அறிந்து அருகிருப்போர் மிகச் சிலரே. புகழ் வளர வளரத் தனிமையும் உடன் வளர்ந்தது.

அந்த ஆண்டிலே பெரு நாட்டின் சுதந்திர நூற்றாண்டு விழாவுக்கு அழைக்கப்பெற்றுக் கடல் வழியாகத் தென்னமெரிக்கா நோக்கிச் சென்றார் தாகூர். வழியில் நோய் கண்டது. நவம்பர் மாதம் புவனெஸ் அயர்ஸ் துறைமுகத்தில் இறங்கியபோது, மேலும் பயணஞ் செய்தல் ஆகாது என மருத்துவர்கள் தடுத்துவிட்டனர். அங்கேதான் விக்டோரியா ஒக்காம்போ என்னும் ஆர்ஜெந்தீன எழுத்தாளர் அவரைச் சந்தித்தார். முப்பத்து நான்கு வயதினரான அப்பெண்மணி, பத்தாண்டுகளுக்கு முன்பே, ஆந்திரே ஜீதின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் கீதாஞ்சலியைப் படித்து உள்ளம் உருகியவர். நோயுற்ற கவிஞரை ஓட்டலிலே விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. நகருக்கு அப்பால், பிளாத்தா ஆற்றைப் பார்த்திருக்கும் சான் இசித்ரோவில் ஒரு மாளிகையை வாடகைக்கு எடுத்தார். அந்தச் செலவுக்காகத் தமது வைர முடியணி ஒன்றை விற்றதாகப் பின்னாளில் அவரே எழுதியுள்ளார்.

ஏறக்குறைய இரண்டு மாதங்கள் தாகூர் அங்கே தங்கினார். காலையில் ஆற்றைப் பார்த்தபடி எழுதுவதும், மாலையில் உரையாடுவதுமாக நாட்கள் சென்றன. ஒருநாள், தாம் புதிதாக எழுதிய வங்கப் பாடலொன்றை விக்டோரியாவுக்கு ஆங்கிலத்திலே வாய்மொழியாகச் சொன்னார். மறுநாள் அதனை எழுதிக் கொடுத்தபோது, முன்பு கேட்டவற்றிற் பல விடுபட்டிருந்தன. காரணம் வினவியபோது, மேல்நாட்டார்க்கு அவை சுவைக்கமாட்டா என்று கருதி விட்டுவிட்டதாகத் தாகூர் விடையிறுத்தார். அச்சொல் விக்டோரியாவின் உள்ளத்தைச் சுட்டது. தம்மையும் ஓர் அயலாராகவே அவர் எண்ணிவிட்டார் என்பதன்றோ அதன் பொருள்! நெருங்கிய நட்பினிடையேயும் மொழி ஒரு மதிலாக நிற்கக்கூடும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

அம்மதில் கடைசிவரை முற்றாக இடிபடவில்லை. 1925இல் வெளிவந்த 'பூரபி' என்ற கவிதை நூலை, விக்டோரியா என்ற பெயரை 'விஜயா' எனத் தமது மொழிக்கு ஆக்கி, அவருக்கே தாகூர் காணிக்கையாக்கினார். பூரபி என்பது மாலைக்குரிய இராகமொன்றன் பெயருமாகும். அந்நூலிற் பல பாடல்கள் சான் இசித்ரோவில் எழுதப்பட்டவை. ஆனால், காணிக்கை பெற்றவருக்கோ வங்கமொழி தெரியாது. தம் பெயர் தாங்கிய நூலைக் கையில் வைத்திருந்தும் படிக்க இயலாத நிலை அவருடையது.

எனினும், எழுத்து செய்ய முடியாததைக் கோடுகள் செய்தன. தாகூருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கையெழுத்துப் பிரதியில் அடித்துத் திருத்திய சொற்களை அப்படியே விட்டுவிடாது, அக்கிறுக்கல்களை ஒன்றோடொன்று இணைத்துப் பறவையாகவும் விலங்காகவும் விந்தை முகமாகவும் மாற்றிவிடுவார். பூரபியின் பிரதியிலே அவ்வுருவங்களைக் கண்ட விக்டோரியா வியந்து நின்றார். சில பக்கங்களைப் படம் பிடித்துக்கொள்ளவும் அனுமதி கேட்டார். வங்கம் அறியாத கண்ணுக்கு விளங்கிய மொழி அதுவே. அதன்பின் சில ஆண்டுகளில், அறுபத்தைந்தைக் கடந்த வயதில், தாகூர் முழுமூச்சாக ஓவியந் தீட்டத் தொடங்கினார். 1930 மே மாதத்தில் பாரிஸ் நகரில் அவரது முதற் கண்காட்சி நடந்தது. காட்சிக்கூடத்தை விரைவில் ஒழுங்குசெய்து கொடுத்தவர் விக்டோரியாவே. கவிஞர் மறைந்தபோது அவர் தீட்டிய சித்திரங்கள் இரண்டாயிரத்துக்கும் அதிகமாயிருந்தன.

பாரிசிற் சந்தித்ததே கடைசிச் சந்திப்பாயிற்று. சாந்திநிகேதனத்துக்கு வருமாறு தாகூர் பலமுறை அழைத்தார், விக்டோரியா வரவில்லை. அவருக்கும் தமது கலைப்பணி இருந்தது. 1931இல் 'சூர்' என்ற இலக்கிய இதழைத் தொடங்கி, அதனையே தம் வாழ்வின் கடமையாகக் கொண்டார். இதிலே குற்றங் காண்பதற்கில்லை. புகழால் தமது விலை உயர்ந்தபோதிலும் தம்முள் இருக்கும் மனிதனின் மதிப்பு மறைந்துவிட்டது என்றும், அம்மதிப்பைப் பெண்ணொருத்தியின் அன்பே மீட்டுத்தரும் என்றும் விக்டோரியாவுக்கு எழுதியவர் தாகூர். அத்தகைய அன்பைக் கண்டும், அதனைத் தம்மருகே நிறுத்திக்கொள்ள அவரால் இயலவில்லை. கலைஞனின் முதுமையில் நேரும் துயரம் இதுவாகும். தன் பணிக்காக வாழ்கின்றவன், பிறரும் தத்தம் பணிக்காக வாழ்கின்றனர் என்பதை ஏற்றே ஆகவேண்டும்.

அத்துயரம் அவரது உழைப்பைத் தடுக்கவில்லை. எழுபத்து மூன்றாம் வயதில், 1934இல், தம் குழுவினருடன் இலங்கைக்கு வந்து கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் 'சாபமோசனம்' என்னும் நாட்டிய நாடகத்தை மேடையேற்றினார். ஹொரணையில் ஸ்ரீபாலி கலைக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டினார். கண்டியில் தங்கியிருந்தபோது 'நான்கு அத்தியாயம்' என்னும் நாவலை எழுதி முடித்தார்.

1940இல் நோய் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. அக்காலத்தில் மருமகள் பிரதிமா தேவியும் சாந்திநிகேதனத்து மாணவர் சிலரும் இரவு பகலாக அருகிருந்து பேணினர். கை நடுங்கியபோது அவர் சொல்ல, மற்றவர் எழுதினர். நோய்ப்படுக்கையையே பொருளாகக் கொண்ட கவிதைகளும் இவ்வாறு பிறந்தன. தொலைவிலுள்ள தோழமை ஊக்கம் தந்தது. அருகிலுள்ள பணிவிடையோ கவிதையைத் தாளில் ஏற்றியது. பின்னதை இலக்கிய வரலாறு பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால், அது இல்லாவிடின் அக்கவிதைகளும் இல்லை. 1941 யூலை 30ஆந் திகதி காலை, சத்திர சிகிச்சைக்குச் சிறிது முன்னரும் ஒரு கவிதையைச் சொல்லி எழுதுவித்தார். ஓகத்து 7ஆந் திகதி கல்கத்தாவில், தாம் பிறந்த இல்லத்திலேயே உயிர்நீத்தார்.

சான் இசித்ரோவில் அவர் விரும்பி அமர்ந்த சாய்வு நாற்காலி ஒன்று உண்டு. 1925 சனவரியில் அவர் கப்பலேறியபோது, அதையும் உடன் அனுப்பியே தீரவேண்டும் என்று விக்டோரியா பிடிவாதஞ் செய்தார். அறை வாயிலுள் அது நுழையாமற்போகவே, கதவைக் கழற்றச் செய்து உள்ளே வைப்பித்தார். அந்நாற்காலி சாந்திநிகேதனத்தை அடைந்தது. இறுதி ஆண்டில் நோயுற்ற கவிஞர் அதில் அமர்ந்து ஓய்வெடுத்தார். கடல் கடந்த அன்பை நினைந்து அதனைக் குறித்துக் கவிதையும் இயற்றினார். விக்டோரியா வரவேயில்லை, அவர் கொடுத்த இருக்கை மட்டும் கவிஞரைத் தாங்கிக்கொண்டிருந்தது.